பழைய வழக்கு பெயரை விட்டுப் போகுமா? இலவச சட்ட உதவி எதுவரை கைகொடுக்கும்

கல்லூரி முதலாமாண்டில் சாலை மறியலில் உட்கார்ந்ததற்காகப் போட்ட வழக்கு, அரசு வேலை கிடைத்தபின் காவல்துறைச் சரிபார்ப்பில் வந்து நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரரோடு வரப்புத் தகராறில் போட்ட வழக்கு, வளைகுடா வேலைக்குப் பாஸ்போர்ட் எடுக்கும்போது குறுக்கே வருகிறது. இலவச சட்ட உதவி தேடி வருகிறவர்களில் பலர் கேட்கும் முதல் கேள்வி, "இந்தக் கேஸை என் பேரிலிருந்து எடுத்துவிட முடியுமா?" என்பதுதான்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். 18 வயது கடந்த ஒருவரின் குற்ற வழக்குப் பதிவை இத்தனை ஆண்டு கழித்து அழித்துவிடலாம் என்று சொல்லும் பொதுவான சட்டம் இந்தியாவில் கிடையாது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் அப்படிச் சட்டம் இருக்கிறது. அங்கே தன்னார்வ வழக்கறிஞர்கள் முகாம் போட்டு, வருகிறவர்களுக்குப் பதிவை நீக்கும் மனுவை எழுதிக் கொடுக்கிறார்கள். பென்சில்வேனியா மாநிலம் 2018-இல் ஒரு படி மேலே போய், சில வகைப் பதிவுகள் தாமாகவே மறையும்படி சட்டம் செய்தது. நமக்கு அந்த வசதி இல்லை. ஆனால் வழக்கைச் சரியான முறையில் முடிப்பது, முடிந்ததற்கான காகிதத்தைக் கையில் வைத்திருப்பது, படிவங்களில் கேட்கும்போது உண்மையை எழுதுவது என்ற மூன்றையும் செய்தால், பெரும்பாலானவர்களுக்குப் பழைய வழக்கு வாழ்க்கையை மறிக்காத நிலைக்கு வந்துவிடும். இந்த மூன்றுக்கும் காசில்லாமல் உதவ ஆட்கள் இருக்கிறார்கள். அது தெரியாமல், "ஸ்டேஷன் ரெக்கார்டையே எடுத்துத் தருகிறேன்" என்று சொல்லும் இடைத்தரகரிடம் நகையை அடகு வைத்துப் பணம் கொடுக்கிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அப்படி எடுத்துத் தர யாராலும் முடியாது.

முதலில், வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிய வேண்டும்

பலருக்குத் தங்கள் வழக்கு இப்போது எங்கே நிற்கிறது என்றே தெரியாது. "ஸ்டேஷனில் கையெழுத்து வாங்கினாங்க, அப்புறம் கூப்பிடவே இல்லை" என்பார்கள். இந்த ஒரு வரிக்குள் நாலைந்து விதமான நிலைமை ஒளிந்திருக்கலாம். வெறும் மனு ரசீதோடு, அதாவது சி.எஸ்.ஆரோடு முடிந்திருக்கலாம். எஃப்.ஐ.ஆர். போட்டு அப்படியே கிடக்கலாம். விசாரித்துவிட்டு, பொய்ப் புகார் அல்லது தவறான தகவல் என்று போலீசே மூடியிருக்கலாம். குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போய், சம்மன் வந்து சேராமல், உங்கள் பேரில் பிடிவாரண்டு கூட நிலுவையில் இருக்கலாம்.

இதைக் கண்டுபிடிக்க யாருக்கும் பணம் தர வேண்டியதில்லை. 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து, பாலியல் குற்றம் போன்ற சில வகைகளைத் தவிர மற்ற எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்பது விதி. தமிழ்நாடு காவல்துறையின் தளத்தில் அவற்றைப் பார்க்கலாம். நீதிமன்றத்துக்கு வழக்கு போயிருக்கிறதா என்பதை இ-கோர்ட்ஸ் தளத்தில் தேடலாம். பெயரை வைத்தும் தேடலாம், காவல் நிலையத்தின் பெயரையும் எஃப்.ஐ.ஆர். எண்ணையும் வைத்தும் தேடலாம். சட்ட உதவி மையத்தில் தன்னார்வலராக இருப்பவர் உட்கார்ந்தவுடன் செய்யும் முதல் வேலை அநேகமாக இதுதான்: போனில் அந்தத் தளத்தைத் திறந்து, குற்ற எண்ணை, அதாவது எஃப்.ஐ.ஆர். எண்ணை, போட்டுப் பார்ப்பது.

அடுத்து அவர் பார்ப்பது பிரிவுகளை. தமிழ்நாட்டில் தெருச் சண்டை என்றால் 294(பி), 323, 506(2) என்று மூன்று எண்கள் வரிசையாக வந்து விழும். சாலை மறியல் என்றால் 143 (சட்டவிரோதமாகக் கூடியது), 188 (அதிகாரியின் உத்தரவை மீறியது), 341 (வழிமறித்தது). இவை பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் எண்கள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்து எண்கள் மாறிவிட்டன என்றாலும், அதற்கு முன் நடந்த சம்பவங்களுக்குப் பழைய பிரிவுகளே பொருந்தும். இந்த எண்களைப் பார்த்தாலே அனுபவமுள்ள வழக்கறிஞருக்கு எந்த வழி திறந்திருக்கிறது என்று பாதி தெரிந்துவிடும்.

மறியல் வழக்கையே எடுத்துக்கொள்வோம். 143-க்கு அதிகபட்சத் தண்டனை ஆறு மாதம், 341-க்கு ஒரு மாதம், 188-க்கும் ஆறு மாதத்துக்கு மேல் இல்லை. ஒரு வருடம் வரை மட்டுமே தண்டனை உள்ள குற்றங்களுக்கு, சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போயிருக்க வேண்டும் என்று காலவரம்பு இருக்கிறது. பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் இது 468-ஆம் பிரிவு; புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 514, ஆனால் அதில் எஃப்.ஐ.ஆர். பதிவான தேதிதான் கணக்கு. காலதாமதத்தை நீதிமன்றம் மன்னித்தால் தவிர, 2017-இல் போட்டுக் கிடப்பில் கிடக்கும் மறியல் எஃப்.ஐ.ஆரில் இனிமேல் குற்றப்பத்திரிகை போட்டாலும் அது நிற்காது. அதோடு, 188-ஆம் பிரிவின் கீழ் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போடவே கூடாது, உத்தரவைப் போட்ட அதிகாரி நீதிமன்றத்தில் எழுத்துமூலம் புகார் தர வேண்டும் என்று 2018-இல் கரூர் மாவட்ட வழக்கு ஒன்றில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பைக் காட்டி ரத்தான மறியல் வழக்குகள் ஏராளம்.

ஆனால் அதே எஃப்.ஐ.ஆரில் 506(2), அதாவது கொலை மிரட்டல், சேர்ந்திருந்தால் கணக்கு மாறிவிடும். அதற்கு ஏழு ஆண்டுவரை தண்டனை உண்டு; காலவரம்பு கிடையாது. ஒரே ஒரு எண் கூடுதலாக இருப்பதால் வழியே மாறிப்போகிறது. எஃப்.ஐ.ஆர். நகலைக் கொண்டுவரச் சொல்லி வழக்கறிஞர் விடாப்பிடியாக நிற்பது இதனால்தான்.

இன்னொன்று. அரசாங்கம் "வழக்குகளைத் திரும்பப் பெறுகிறோம்" என்று அறிவிப்பதுண்டு. 2021 பிப்ரவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டம், ஊரடங்கு மீறல் தொடர்பான வழக்குகளுக்கு அப்படி அறிவிப்பு வந்தது. செய்தியைப் படித்துவிட்டு, நம் வழக்கும் போய்விட்டது என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கை அரசு வழக்கறிஞர் மனுப் போட்டு, நீதிபதி சம்மதித்தால்தான் திரும்பப் பெற முடியும். வன்முறை நடந்ததாகச் சொல்லப்பட்ட வழக்குகள் அந்த அறிவிப்பில் சேரவும் இல்லை. உங்கள் குற்ற எண்ணுக்கு என்ன நடந்தது என்பதைத் தனியாகப் பார்த்தே ஆக வேண்டும்.

முடிப்பதற்கான வழிகள்

இரண்டு பக்கமும் சமாதானமாகிவிட்டால், சில குற்றங்களை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலோ லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றத்திலோ சமரசமாகவே முடிக்கலாம். 323, அதாவது சாதாரணக் காயம், அந்த வகை. 294(பி), அதாவது பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டியது, அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே கைகலப்பை மன்னித்துவிட்டாலும் திட்டியது மிச்சம் நிற்கும்! அப்போது உயர்நீதிமன்றத்துக்குப் போய் மொத்தமாக ரத்து செய்யச் சொல்லி மனுப் போட வேண்டும். வக்கீல்கள் இதைக் 'குவாஷ்' என்பார்கள். முன்பு 482-ஆம் பிரிவு, இப்போது 528. சமரசம் ஆகாத பிரிவாக இருந்தாலும், தனிப்பட்ட தகராறு என்றால் உயர்நீதிமன்றம் ரத்து செய்யலாம். கொலை, பாலியல் வன்கொடுமை, கொள்ளை போன்றவற்றில் கூடாது என்று 2012-இல் கியான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. புகார் கொடுத்தவர் மனதார ஒப்புக்கொள்ள வேண்டும். நீதிமன்றம் அவரை நேரில் வரச் சொல்லி அடையாளத்தைச் சரிபார்ப்பது வழக்கம்.

புகாரே பொய், அல்லது எஃப்.ஐ.ஆரில் சொன்னதெல்லாம் உண்மையாகவே இருந்தாலும் அது குற்றமாகாது என்றால், சமாதானம் இல்லாமலேயே ரத்துக் கேட்கலாம். அதற்கும் இடமில்லை என்றால், வழக்கை நடத்தி விடுதலை வாங்குவதுதான் வழி. இதில் காலம் பிடிக்கும், வாய்தா வாய்தாவாக நடக்க வேண்டியிருக்கும்.

இங்கேதான் ஏழைகள் விழும் பெரிய பள்ளம் இருக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா கூலி போகிறது. யாரோ வந்து, "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போயிடு, கேஸ் முடிஞ்சிடும்" என்கிறார்கள். முடிந்துதான் போகும். ஆனால் குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டும் அபராதம், ஐந்நூறு ரூபாயாக இருந்தாலும், தண்டனைதான். "இதற்கு முன் நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா?" என்ற கேள்விக்கு இனி ஆம் என்றுதான் எழுத வேண்டும். தானாக ஒப்புக்கொண்ட குற்றத்துக்கு எதிராக மேல்முறையீடு செய்வதும் பெரும்பாலும் முடியாது. ஒரு நாள் கூலியை மிச்சப்படுத்த எடுத்த முடிவு, பத்து வருடம் கழித்து மகனோடு வெளிநாடு போக விசா கேட்கும்போது வந்து நிற்கும். அபராதம் கட்டும் முன் ஒரே ஒரு முறை, அதே வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

குற்றம் நிரூபணமானாலும் சிறைக்கு அனுப்பாமல், எச்சரித்தோ நன்னடத்தைப் பிணையிலோ விட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டம் அதைத் தருகிறது. அப்படி விடப்பட்டவருக்கு, தண்டனையால் வரும் தகுதியிழப்பு ஒட்டாது என்கிறது அதன் 12-ஆம் பிரிவு. தீர்ப்பு இருந்தது என்ற உண்மையை அது அழிக்காது. ஆனாலும் நல்ல கவசம். வக்கீல் கேட்டால்தான் பல நேரம் இது கிடைக்கும். ஏற்கெனவே தண்டனை ஆகிவிட்டதென்றால், மாஜிஸ்திரேட் தீர்ப்பை எதிர்த்து செசன்ஸ் நீதிமன்றத்துக்குப் போக 30 நாள். அது தாண்டியிருந்தால் தாமதத்துக்கான காரணத்தைச் சொல்லித் தனி மனுவும் சேர்த்துப் போட வேண்டும்.

உண்மையிலேயே அழிக்கச் சட்டம் சொல்லும் இடங்கள்

சம்பவம் நடந்த அன்று வயது 18-க்குக் கீழ் என்றால், மேலே சொன்னதையெல்லாம் கொஞ்சம் ஒதுக்கிவையுங்கள். இளைஞர் நீதிச் சட்டம், 2015, பழையதைக் கழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும் உரிமையைக் குழந்தைக்குக் கொடுக்கிறது. 24-ஆம் பிரிவின்படி, இளைஞர் நீதிக் குழுமம் தவறு செய்ததாக முடிவு சொன்னாலும் அதனால் எந்தத் தகுதியிழப்பும் வராது; மேல்முறையீட்டுக் காலம் முடிந்தபின் அந்தப் பதிவுகளை அழிக்க வேண்டும். ஏழு ஆண்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று விதி வரம்பு போடுகிறது. 16 வயது நிரம்பி, கொடுங்குற்றத்துக்காகப் பெரியவர்களைப் போல விசாரிக்கப்பட்டவர்கள் மட்டும் விதிவிலக்கு. 74-ஆம் பிரிவு இன்னும் கெட்டியானது: நன்னடத்தைச் சான்றிதழுக்காகக்கூட அந்தக் குழந்தையின் பதிவைப் போலீஸ் வெளியிடக் கூடாது. இவ்வளவு தெளிவான சட்டம் இருந்தும், பதினேழு வயதில் நடந்த ஒன்றைச் சரிபார்ப்பு அறிக்கையில் எழுதி அனுப்புவதும், வீட்டார் "நம்ம தலையெழுத்து" என்று விட்டுவிடுவதும் நடக்கிறது. பிறந்த தேதிச் சான்றையும் எஃப்.ஐ.ஆரில் உள்ள சம்பவத் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 18 நிரம்ப ஒரு நாள் குறைந்திருந்தாலும் இந்தச் சட்டம் உங்களுடையது.

இன்னொரு இடம், கைரேகை, புகைப்படம் போன்ற அளவீடுகள். 2022-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டப்படி இவற்றை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். ஆனால் முன்பு தண்டனையே பெறாதவர் விசாரணையின்றி விடுவிக்கப்பட்டாலோ, விடுதலை ஆனாலோ, மேல்முறையீடெல்லாம் முடிந்தபின் நீதிமன்றம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் அவற்றை அழித்துவிட வேண்டும்.

தீர்ப்புகள் இணையத்தில் பெயரோடு கிடப்பது வேறு தலைவலி. விடுதலையான ஒருவர், தீர்ப்பிலிருந்து தன் பெயரை மறைக்கச் சொல்லிச் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனார். 2021-இல் தனி நீதிபதி, அதற்குச் சட்டம் வர வேண்டும் என்று மறுத்தார். 2024-இல் இரு நீதிபதிகள் அமர்வு அவருக்குச் சாதகமாகச் சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. பெயரை மறைக்கக் கேட்டவர் என்பதால் நானும் இங்கே பெயரை எழுதவில்லை.

தீர்ப்பின் கடைசிப் பத்தி

வழக்கு முடிந்துவிட்டது என்று வாயால் சொன்னால் எந்த அலுவலகமும் ஏற்காது. சான்றிட்ட நகல் வேண்டும். வழக்கு நடந்த நீதிமன்றத்தில் நகல் மனுப் போட்டு வாங்கலாம். வழக்கு எண், ஆண்டு, காவல் நிலையக் குற்ற எண் மூன்றும் தெரிந்திருந்தால் வேலை சுலபம். போலீசே மூடிய எஃப்.ஐ.ஆர். என்றால், இறுதி அறிக்கையின் நகலையும் அதை மாஜிஸ்திரேட் ஏற்ற உத்தரவையும் வாங்க வேண்டும்.

நகல் கைக்கு வந்ததும் கடைசிப் பத்தியைப் படியுங்கள். "எதிரி குற்றவாளி இல்லை எனத் தீர்மானித்து, கு.வி.மு.ச. பிரிவு 248(1)-ன் கீழ் விடுதலை செய்து தீர்ப்பளிக்கப்படுகிறது" என்று இருக்கும். (எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர், கு.வி.மு.ச. என்றால் பழைய குற்ற விசாரணை முறைச் சட்டம்.) அதற்கு மேலே இரண்டு வரியில், "சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து" என்று இருக்கிறதா என்று பாருங்கள். காவலர் வேலைக்குப் போகிறவருக்கு இந்த நான்கு சொற்கள்தான் தலைவிதி. தமிழ்நாட்டில் காவலர் பணி விதிகளின்படி, சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். 2008-இல் உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வும் அதை உறுதி செய்தது. குற்றமே நிரூபணமாகவில்லை என்ற மரியாதையான விடுதலை, அல்லது தவறான தகவல் என்று மூடிய வழக்கு என்றால், அடுத்த தேர்வில் கலந்துகொள்ளலாம். எனவே வழக்கு நடக்கும்போதே வக்கீலிடம், "நான் போலீஸ் வேலைக்குப் படிக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். வாதம் வைக்கும் விதமே அதற்குத் தக்கபடி மாறும்.

வழக்கு முடிந்தபின்னும் காவல்துறைக் கணினியில் 'நிலுவை' என்று காட்டினால், சான்றிட்ட நகலோடு நிலையத்துக்கும் மாவட்டக் கண்காணிப்பாளருக்கும் மனுக் கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள். அசையவில்லை என்றால் உயர்நீதிமன்றத்தில் ரிட் மனு. ரௌடி பட்டியலில் பெயர் இருந்தால் அதுவும் இதே வழிதான். அது நீதிமன்றத் தீர்ப்பில் வருவதல்ல, போலீஸ் தன் நிலையாணைகளின்படி வைத்திருக்கும் பதிவேடு என்பதால், வழக்குகள் முடிந்தாலும் தானாகப் போகாது.

படிவம் நிரப்பும்போது: கேட்டதற்கு உண்மையை எழுதுங்கள். 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி இதுதான். வழக்கை மறைத்தால், மறைத்ததற்காகவே வேலை போகலாம். இளவயதில் கோஷம் போட்டது போன்ற அற்பமான விஷயமென்றால் மறைத்ததைக்கூட மன்னிக்க வேலை தருபவருக்கு இடமுண்டு. உண்மையைச் சொன்னாலும் வேலை தந்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை, ஆனால் பரிசீலிக்க வேண்டும். கேள்வியைக் கவனமாகப் படியுங்கள். 'தண்டனை' கேட்கிறார்களா, 'நிலுவை வழக்கு' கேட்கிறார்களா, 'எப்போதாவது எஃப்.ஐ.ஆர். போடப்பட்டதா' என்று கேட்கிறார்களா? மூன்றுக்கும் பதில் வேறு வேறாக இருக்கலாம். பாஸ்போர்ட் சட்டம் பார்ப்பது, குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருக்கிறதா என்பதை. எஃப்.ஐ.ஆர். கட்டத்திலேயே நிற்பது அதில் சேராது என்று சென்னை உயர்நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தாலும், அந்த நீதிமன்றத்திடமே அனுமதி வாங்கிப் பாஸ்போர்ட் கேட்க 1993-ஆம் ஆண்டு அறிவிக்கை ஒன்று வழி விட்டிருக்கிறது.

யாரிடம் போவது?

சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987, பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தருகிறது. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய். தாலுகா அளவில் வட்டக் குழு, மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட ஆணைக்குழு, சென்னையிலும் மதுரையிலும் உயர்நீதிமன்றக் குழு என்று மூன்று படிகள். குவாஷ் மனுவுக்குக் கடைசிப் படி. வீட்டிலிருந்தே கேட்க 15100 என்ற எண் இருக்கிறது.

அங்கே முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் சட்டத் தன்னார்வலராக இருப்பார். அவர் வக்கீல் இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியராகவோ சட்டக் கல்லூரி மாணவராகவோ இருக்கலாம். மனு எழுதித் தருவார், எந்த அறைக்குப் போக வேண்டும் என்று கூட வந்து காட்டுவார். நீதிமன்றப் படி ஏறவே கை நடுங்குகிறவருக்கு அந்தத் துணை சின்ன விஷயமில்லை. பிறகு ஆணைக்குழு ஒரு வழக்கறிஞரை நியமிக்கும். அவருக்கு ஊதியம் ஆணைக்குழு தரும். உங்களிடம் ஒரு ரூபாயும் கேட்கக் கூடாது. கேட்டால் ஆணைக்குழுவின் செயலாளரிடம் எழுத்தில் சொல்லுங்கள். அவர் நீதிபதி நிலையில் இருப்பவர், வழக்கறிஞரை மாற்றித் தர முடியும். நீதிமன்றக் கட்டணமும் நகல் செலவும்கூட இந்த உதவியில் அடங்கும். இதைத் தவிர, காசு வாங்காமல் வழக்கு நடத்தும் வக்கீல்களும், சட்டக் கல்லூரிகளின் சட்ட உதவி மையங்களும் உண்டு.

போகும்போது எஃப்.ஐ.ஆர். நகல் அல்லது குற்ற எண், ஆதார், வருமானச் சான்று, இதுவரை வந்த சம்மன் எதுவாக இருந்தாலும் அது, வேலை அல்லது பாஸ்போர்ட் அலுவலகத்திலிருந்து வந்த கடிதம், 18 வயதுக்குக் கீழ் நடந்ததென்றால் பிறப்புச் சான்று அல்லது பள்ளி மாற்றுச் சான்றிதழ் எடுத்துப் போங்கள். அந்தக் கடிதத்தில் பதில் தரக் கெடு தேதி போட்டிருந்தால், அதைத்தான் முதலில் நீட்டிக் காட்ட வேண்டும்.